கடலோரக் கல்யாணத்துக்கு எது நல்ல மாதம்?

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதில் நமக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் ஜாதகம், அப்புறம் பஞ்சாங்கத்தில் முகூர்த்தம், அதன்பிறகு மண்டபம். மண்டபத்துக்குக் கூரையும் சுவரும் இருப்பதால் மழை, வெயிலைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. கடலோர ரிசார்ட்டில் கல்யாணம் வைப்பது பெருகிய பிறகும் அதே வரிசைதான் தொடர்கிறது. நாள் குறித்து, முன்பணம் கட்டி, பத்திரிகையும் அடித்து முடித்த பிறகு யாராவது ஒரு சித்தப்பா, "அந்த மாசம் மழை இருக்குமேப்பா" என்பார். கடற்கரைக் கல்யாணத்தில் அந்தப் பேச்சு முதல் நாளே வந்திருக்க வேண்டும். அங்கே கூரை கிடையாது, பந்தல் மட்டும்தான்.

சென்னையை அடுத்த கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதியைத்தான் இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்க் கடலோரக் கல்யாணங்களில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. இந்தக் கரைக்கு என் பதில், பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு தை மாதத்தின் மீதி நாட்களும் மாசி முழுவதும். ஆங்கிலக் கணக்கில் ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. இந்தப் பதிலைவிட அதற்கான காரணம் முக்கியம். காரணம் புரிந்துவிட்டால் கோவாவோ திருகோணமலையோ, எந்தக் கரைக்கும் நாமே நாள் குறிக்கலாம்.

மழை எந்தக் கரையில் பெய்யும் என்பதைக் காற்று வரும் திசைதான் முடிவு செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, கேரளம், கோவா கரைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொட்டித் தீர்க்கிறது. மலை தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் அதிகம் மிச்சமில்லை. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் காற்று திசை மாறி, வடகிழக்கிலிருந்து வங்கக் கடல் வழியாக வரத் தொடங்குகிறது. இப்போது நனைவது நம் கரை. சென்னையில் ஆண்டு மழை சராசரியாக 140 செ.மீ. அளவுக்கு இருக்கிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் பெய்கிறது. நவம்பரில் மட்டும் 35 செ.மீ.க்கு மேல். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மாதத்துக்கு 1 செ.மீ. கூடத் தேறாது. இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு வேறு விவாதமே தேவையில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஜனவரி தொடக்கத்தை ஏன் விட்டேன் என்றால், சில ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை சொன்ன தேதிக்குக் கிளம்புவதில்லை. 2021 ஜனவரியில் தமிழகம் முழுக்கப் பெருமழை பெய்து, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது நினைவிருக்கும். எப்படியும் ஜனவரி 13 வரை மார்கழி. அப்புறம் பொங்கல், காணும் பொங்கல் என்று மாமல்லபுரம் சாலை திணறும். விருந்தினரின் கார்கள் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் முகூர்த்த நேரத்துக்கு வந்து சேர முடியாது.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? கார்த்திகையில். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் பெரும்பாலான வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். சில வீடுகளில் பங்குனியும் கிடையாது. மிஞ்சும் மாதங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்தம் நிறைந்தவை. வெளிநாட்டு உறவினர்களும் ஆண்டுக் கடைசி விடுமுறையை ஒட்டி வர முடியும் என்பதால் கார்த்திகைக்கு ஆசைப்படுகிறார்கள். ஆனால் கடந்த சில ஆண்டுகளின் தேதிகளைப் பாருங்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னைப் பெருவெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2020 நவம்பர் 25 இரவு மரக்காணம் அருகே நிவர். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் கரையைக் கடந்தது, வேறு எங்குமில்லை, மாமல்லபுரத்தை ஒட்டி. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் மழையில் சென்னை மூழ்கியது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, அந்த ஊரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியது. இத்தனையும் கார்த்திகை மாதத் தேதிகள்.

எல்லாக் கார்த்திகை முகூர்த்தமும் புயலில் மாட்டும் என்று சொல்லவில்லை. அந்த மாதத்திலும் பளிச்சென்ற காலைகள் உண்டு. ஆனால் புயல் வந்தால் பாதிப்பு பந்தலோடு நிற்பதில்லை. விமான நிலையத்தை மூடுகிறார்கள், 2015-இல் சென்னையில் அது பல நாட்கள் மூடிக் கிடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரம் விழும், மின்சாரம் நிற்கும், சமையல்காரரும் பூக்காரரும் வர முடியாது. பெண்ணின் தாத்தா பாட்டி ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் சொல்கிறேன்: கார்த்திகையில் கட்டாயம் வைத்தாக வேண்டும் என்றால் ஊருக்குள் நல்ல மண்டபமாகப் பாருங்கள். கடல்தான் வேண்டும் என்றால் கரையை மாற்றுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாமல்லபுரக் கடற்கரையில் கல்யாணம் என்பது ரிசார்ட்டுகள் கொண்டுவந்த வழக்கம் இல்லை. இருளர் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் மாசி மகப் பௌர்ணமிக்கு அங்கே திரளாகக் கூடுகிறார்கள். பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, மணலில் சிறு குடில்கள் போட்டு இரவு தங்கி, விடியற்காலையில் கடலில் குளித்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். அங்கேயே பெண் பார்த்து நிச்சயம் செய்வதும் உண்டு, அலையோரத்தில் தாலி கட்டுவதும் உண்டு. அவர்கள் கூடும் காலத்தைக் கவனியுங்கள். பருவமழை ஓய்ந்து, கடலின் கொந்தளிப்பு அடங்கி, வெயில் இன்னும் ஏறாத மாசி. நேரம், விடியல். இந்தக் கரையை நன்றாகத் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்ட மாதமும் நேரமும் அவை. வானிலைப் புள்ளிவிவரமும் அதையேதான் சொல்கிறது.

மாதத்துக்கு அடுத்து நேரம். இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். கோவாவிலோ மாலத்தீவிலோ எடுத்த, கடலுக்குள் சூரியன் இறங்கும் படத்தைக் காட்டி, அதேபோல் வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மறைகிறது. மாலையில் கடல் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டுதான் போகும். ஆனால் நம் கல்யாணம் காலையில் நடப்பதாயிற்றே! தை, மாசியில் சென்னைப் பகுதியில் சூரியன் எழுவது 6.30 மணி வாக்கில். 6 முதல் 7.30 வரையிலான முகூர்த்தம் கிடைத்தால் சூரியன் எழுந்து சற்று நேரத்தில் தாலி கட்டலாம். மணமக்களைக் கிழக்கு முகமாக உட்கார வைப்பது நம் வழக்கம். இந்தக் கரையில் கிழக்கு என்றால் கடல். இளவெயில் நேராக இருவர் முகத்திலும் விழும். எந்த விளக்கும் தராத வெளிச்சம் அது.

இங்கே புகைப்படக்காரரோடு ஒரு தகராறு வரும். அவருக்குக் கடல் மணமக்களுக்குப் பின்னால் தெரிய வேண்டும், அதற்கு அவர்கள் மேற்கே பார்த்து உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், முகங்கள் இருட்டாகிவிடும், வந்தவர்களின் கண்ணும் கூசும். சடங்கைக் கிழக்கு நோக்கியே வையுங்கள். நாற்காலிகளை இரு பக்கமும் பிறை வடிவில் போட்டால் வந்தவர்களுக்கும் கடல் தெரியும். கடல் பின்னணியில் படம் வேண்டுமென்றால் சடங்கு முடிந்ததும் அலையோரம் போய்ப் பத்து நிமிடம் நின்றால் போதும்.

விடியல் நேரத்துக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. இரவெல்லாம் நிலம் குளிர்ந்திருப்பதால் அதிகாலையில் கடற்கரையில் காற்று பெரும்பாலும் மந்தமாக இருக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, முற்பகலுக்கு மேல் கடல் காற்று வலுக்கும். பிற்பகலில் அதுதான் உச்சம். குத்துவிளக்கு நின்று எரிவதும், ஹோமப் புகை ஐயரின் கண்ணிலும் பெண்ணின் கண்ணிலும் பாயாமல் மேலே போவதும், பந்தி வாழையிலை பறக்காமல் இருப்பதும் இந்தக் காற்றைப் பொறுத்தவை. துணிப் பந்தல் கடல் காற்றில் பாய்மரம்போல் இழுக்கும். நான்கு பக்கமும் மூடித் துணி கட்டுவதைவிட, மேலே மட்டும் கூரை விட்டுப் பக்கங்களைத் திறந்து வைப்பதே பத்திரம். அக்னி குண்டத்துக்குக் கடல் பக்கத்தில் மட்டும் தாழ்வான தட்டி ஒன்று வைத்துவிடலாம்.

சித்திரை, வைகாசி. பள்ளி விடுமுறை என்பதால் இந்த மாதங்களை விட முடியாத குடும்பங்கள் பல. கடலோரம் என்றால் வெயில் தெரியாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் மேற்கிலிருந்து, அதாவது காய்ந்த நிலத்தின் மேலிருந்து வரும் காற்று, கடல் காற்றை உள்ளே வர விடாமல் தடுக்கிறது. கடல் காற்று முன்னதாக நுழைந்தால் வெப்பம் தணியும், பிற்பகல் வரை தாமதித்தால் அன்று அனல்தான். நுழைந்த பிறகும் ஈரப்பதம் ஏறுவதால் வியர்வை காயாது. கூறைப்புடவையும் நகையும் மாலையுமாக ஒரு பெண் மூன்று மணி நேரம் உட்கார வேண்டிய சடங்கு நம்முடையது. பக்கத்தில் அனல் வேறு. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை மே மாதத்தில் காலை எட்டரைக்கு மேல் திறந்த வெளியில் உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை. வைகாசியில்தான் நடத்த வேண்டும் என்றால் தாலி கட்டுவதை ஏ.சி. ஹாலில் முடித்துவிட்டு, வரவேற்பை மாலை ஆறரைக்கு மேல் புல்வெளியில் வையுங்கள். அந்த நேரத்தில் கடல் காற்று நம் பக்கம்.

சாப்பாட்டுக்கும் பூவுக்கும்கூட மாதக் கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறும். கடலோர வரவேற்பில் வஞ்சிரம், இறால் என்று பட்டியல் போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். மல்லிகைக்கு நேர் எதிர்க் கணக்கு. வெயில் காலத்தில் மல்லி குவியும், விலை இறங்கும். பனிக் காலத்தில் விளைச்சல் குறைந்து, தை முகூர்த்தங்களில் கிலோ ஆயிரங்களில் போகும். தையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பூவுக்குக் கூடுதலாக ஒதுக்கட்டும், அலங்காரத்தில் சாமந்தி, சம்பங்கியைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது நல்ல காலமாக நான் சொல்வது ஆவணி, ஆகஸ்ட் 17 வாக்கில் தொடங்குவது. நம் பக்கத்தில் அந்த மாதம் மழை பெய்வது பெரும்பாலும் மாலை, இரவு இடிமழையாகத்தான். காலை வேளைகள் தெளிவாக இருக்கும். ஆகவே மே மாதத்துக்குச் சொன்னதைத் திருப்பிப் போட வேண்டும். முகூர்த்தம் வெளியே, வரவேற்பு உள்ளே.

தை, மாசி எல்லாருக்கும் வசதிப்படும் என்பதும் இல்லை. மார்ச் வந்தால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள். தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டிலிருந்து ஒருவர்தான் வருவார். கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. அது பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆரம்பித்துவிடும் என்பதால் ஜனவரி பிற்பாதியே அவர்களுக்கு ஏற்றது. ரமலான் ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது, 2026, 2027 இரண்டிலும் பிப்ரவரி, மார்ச்சில்தான். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரியும். அந்த ஐந்து வாரத்துக்குத்தான் எல்லாரும் போட்டி போடுகிறார்கள். வார நாள் முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்டால் இடமும் கிடைக்கும், விலையும் பேசலாம்.

இனி மற்ற கரைகள். கார்த்திகைதான் வேண்டும் என்பவர்களுக்குக் கோவா பொருந்தும். அங்கே மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, ஏறக்குறைய 300 செ.மீ. கடற்கரைக் குடில்களை மழைக்கு முன் பிரித்துவிட்டு அக்டோபர் வாக்கில்தான் மறுபடி கட்டுவார்கள். நவம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிவு, சூரியனும் கடலில் மறையும். கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரம் மட்டும் அறை விலை எட்டாது. கேரளத்துக் கோவளம், வர்க்கலைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் அங்கே துலாவர்ஷம், பிற்பகலானால் இடியும் மழையும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரியையும் தென் கேரளத்தையும் உலுக்கியதையும் மறக்க முடியாது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை அங்கே நிம்மதி.

இலங்கையில் ஒரே தீவில் இரண்டு பருவமும் கிடைக்கின்றன. பெந்தோட்டை, காலி இருக்கும் தென்மேற்குக் கரை டிசம்பர் முதல் மார்ச் வரை நன்றாக இருக்கும், மே முதல் கடல் சீறும். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா இருக்கும் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. வாடைக் காற்றுக் காலத்தில், டிசம்பரை ஒட்டி, அங்கே மழை. கனடாவிலும் பிரிட்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பிள்ளைகளின் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. ஆடி முடிந்து ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். பள்ளி திறப்பதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு வாரத்தில் முகூர்த்தமும் பொருந்துகிறது, திருகோணமலைக் கடலும் பொருந்துகிறது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பகலில் சுடும், அதனால் அங்கேயும் விடியல் நேரம்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களும் அதே வாரங்களில் பறப்பதால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிட வேண்டும். மலேசியத் தமிழர்கள் தை முகூர்த்தம் வைத்தால் திரெங்கானு, கிளந்தான் பக்கத்துத் தீவுகளை நினைக்க வேண்டாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே மழைக் காலம், பல விடுதிகள் மூடியே இருக்கும். லங்காவி அப்போது வறண்டிருக்கும்.

கடல் அமைதியாகத் தெரிவதும் இறங்கிக் குளிக்கலாம் என்பதும் ஒன்றல்ல. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவர்கள். தொலைவில் எங்கோ கிளம்பிய பேரலை, முன்னறிகுறி எதுவும் இல்லாமல் கரையில் ஏறும் கள்ளக்கடல் நாள் அது. முந்தைய நாட்களிலேயே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. கடலோரத்துக்கு நூறு பேரைக் கூப்பிடும் வீட்டார், கடல் எச்சரிக்கையைத் தினமும் பார்க்க ஒரு ஆளையும், தண்ணீரோரம் நிற்க உள்ளூர் மீனவர்கள் இரண்டு பேரையும் ஏற்பாடு செய்யுங்கள். அலங்காரச் செலவில் சிறு பகுதிகூட ஆகாது.

நாம் தேர்ந்தெடுக்கும் தை, மாசி, பங்குனி இரவுகள் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் இரவுகளும்கூட. நம் கரை மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆமைகள் இவை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் அவை செத்துச் சென்னைக் கரையில் ஒதுங்கின. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் சேர்த்து வருகிறார்கள். கடலை நோக்கி எரியும் பெரிய விளக்கைக் கண்டால் தாய் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும். ஆகவே விளக்குகளை நிலம் பார்த்துத் திருப்பச் சொல்லுங்கள், இரவு பத்துக்கு மேல் கடற்கரைப் பக்கம் அணைக்கச் சொல்லுங்கள், வாணவேடிக்கையையும் பறக்கும் காகித விளக்கையும் விட்டுவிடுங்கள். கல்யாணம் விடியலில் என்றால் முந்தின இரவு சீக்கிரம் படுப்பதும் நல்லதுதானே.

கடைசியாக ஒப்பந்தம். முன்பணம் கட்டுமுன் ரிசார்ட்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. மழை வந்தால் அதே எண்ணிக்கை விருந்தினருக்கு உள்ளே இடம் உண்டா, அந்த ஹால் அன்று வேறு யாருக்கும் கொடுக்கப்படாதா? புயலால் விமான நிலையம் மூடினாலோ மாவட்ட நிர்வாகம் தடை போட்டாலோ பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா? மணல் பகுதியில் பந்தல் போட யாரிடம் அனுமதி, அதை எடுத்துத் தருவது யார் பொறுப்பு? வானிலை ஆய்வு மையத்தின் கணிப்பு மூன்று நாள் முன்னால் ஓரளவு உறுதியாகிவிடும். வெளியேயா, உள்ளேயா என்ற முடிவை அன்றே எடுத்துவிட வேண்டும். எடுப்பது யார் என்பதும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒருவர், பெண்ணின் மாமாவோ பையனின் அக்காவோ, அவர் சொன்னால் சொன்னதுதான்.